மேலே போக மலை இல்லை!

கோடை வந்துவிட்டால் வசதி உள்ளவர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறார்கள். கீழே வெயில் கொளுத்தினாலும், மேலே குளுகுளு என்று இருக்கும்.

ஆனால், மலை உச்சியிலேயே பிறந்து வளர்ந்த பிராணி என்ன செய்யும்? அங்கும் உஷ்ணம் ஏறினால் அது எங்கே போகும்?

அந்தப் பிராணிதான் வரையாடு.

இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர, உலகில் வேறு எந்தக் காட்டிலும் கிடையாது. செங்குத்தான பாறையும், அதை ஒட்டிய புல்வெளியும்தான் அதன் வீடு. 2025-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் இருந்தன.

பூமியின் உஷ்ணம் கூடி வருகிறது. இதனால் வரையாடு வாழும் இடத்தில் பாதிக்கு மேல் அதற்கு ஏற்றதாக இல்லாமல் போகலாம் என்று, 2018-ம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி எச்சரித்தது.

மரமும் எதிரி

உஷ்ணம் மட்டுமா எதிரி? இல்லை. மனிதன் நட்ட மரமும் எதிரி!

"மரம் நடுவது நல்லதுதானே?" என்று கேட்கலாம். ஊருக்குள் நல்லது. சாலை ஓரத்தில் நல்லது. மலைப் புல்வெளியில் நல்லது அல்ல.

வெள்ளைக்காரர்கள் அந்தப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்தார்கள். வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. தோல் பதனிடச் சீகை மரப் பட்டை, ஆலைக்குத் தைல மரம் என்று தோட்டங்கள் பெருகின. சீகை விதை தானாகவும் பரவியது. விளைநிலங்களும் சேர்ந்துகொண்டன. பழனி மலையில் 40 ஆண்டுகளில், புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது.

எஞ்சியவை துண்டு துண்டாகக் கிடக்கின்றன. வரையாடு ஒரு மலையை விட்டு இன்னொரு மலைக்குப் போக வேண்டும் என்றால், நடுவே மரக்கூட்டம் வழியை அடைத்து நிற்கிறது.

தண்ணீரும் போகும்

இது ஆட்டின் கவலை மட்டும் அல்ல. மலைப் புல்வெளி மழைநீரைப் பிடித்து வைத்து, சிறுகச் சிறுக ஓடையில் விடுகிறது. நீலகிரி ஓடைகள் மோயாற்றிலும் பவானியிலும் சேருகின்றன. அந்தத் தண்ணீரில் ஈரோட்டு வயல்கள் விளைகின்றன.

தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டு வரையாட்டுக்கு என்று தனித் திட்டம் அறிவித்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் காரியம் கணக்கெடுப்போடு நின்றுவிடக் கூடாது. புல்வெளியில் முளைக்கும் சீகைக் கன்றுகளை முதலில் பிடுங்க வேண்டும். கன்றாக இருந்தால் கை போதும். மரமாகிவிட்டால் ரம்பம் வேண்டும்! மலைக்கும் மலைக்கும் நடுவே புல்வெளியை மீட்டு, வழி விட வேண்டும்.

ஏறிய உஷ்ணத்தை ஒரே நாளில் இறக்க முடியாது. அடைத்த வழியைத் திறக்க முடியும். அதையாவது உடனே செய்ய வேண்டும்.