பத்து ரூபாய்ப் பாடம்

"விலையை ஏற்றிவிட்டால் பையன்கள் கிட்டே போகமாட்டார்கள், ஸார்!" என்றார் நண்பர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; கணக்கில் புலி. பையன்களைத்தான் அவருக்குத் தெரியாது.

2024 பிப்ரவரி முதல் தேதி, நம் அரசாங்கக் கடைகளில் சாதாரண ரக 180 மில்லி புட்டிக்குப் பத்து ரூபாய் ஏறிற்று. மறுநாள் தெருமுனைப் பெட்டிக்கடையில் நின்றிருந்தேன். பள்ளிச் சீருடையில் ஒரு பையன், வயது பதினைந்துக்கு மேல் இராது, "குவார்ட்டருக்குப் பத்து ரூபா ஏத்திட்டாண்டா" என்று தோழனிடம் அலுத்துக்கொண்டான். அரிசி விலைக்கு அவன் தாய் அலுத்துக்கொள்வாளே, அதே குரல்! அவன் குடித்தானோ இல்லையோ, நான் அறியேன். ஆனால் அது வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது, அவன் மனத்தில்.

விலைக்குச் சக்தியே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஸ்காட்லாந்தில் 2018 மே முதல், மதுவின் வீரியத்தை அளந்து, யூனிட் ஒன்றுக்கு 50 பென்ஸுக்குக் குறைத்து விற்கக்கூடாதென்று சட்டம் வந்தது. குடியால் நேரும் சாவுகள் குறைந்தன என்றார்கள் ஆராய்ந்தவர்கள். ஆனால் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விசாரித்தபோதோ, அவர்களுடைய குடியை விலை அவ்வளவாக அசைக்கவில்லை. இதில் ஆச்சரியம் என்ன? நாலு பேர் கூடிப் போட்டால் பத்து ரூபாய் இரண்டரை ரூபாய்தானே!

அங்கே குடியைக் குறைக்க விலை வைத்தார்கள். இங்கே, இருபத்தொரு வயதாகாதவனுக்கு விற்காதே என்ற விதியும் அரசாங்கத்தினுடையது, கடையும் அதனுடையது, வரும்படிக்குக் காத்திருக்கும் கஜானாவும் அதனுடையதே. எந்த வாயைப் பையன் நம்புவான்?

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். சற்று யோசித்தார்.

"அப்படியானால் இருபது ரூபாயாக ஏற்றலாமே" என்றார்.