400 லைக் வாங்கிய பதிவு கூகுளில் ஏன் இல்லை?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் முழுதாக வாசியுங்கள். வலைப்பூ வைத்திருக்கிற தம்பிமார், தங்கச்சிமார் கட்டாயம் வாசியுங்கள்.

போன தவணை பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்படை கொடுத்தேன். 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்குக் கரையை அடித்த சூறாவளியில் நமது ஊரில் என்ன நடந்தது என்று தேடி எழுத வேண்டும். மட்டக்களப்புப் பக்கம் அந்தக் காற்றைப் பற்றி ஒரு கதையாவது இல்லாத வீடு இருக்காது என்ற நம்பிக்கையில்தான் கொடுத்தேன்.

அடுத்த கிழமை ஒரு பிள்ளை வந்து சொன்னாள்: "சேர், கூகுள்ல எவ்வளவோ தேடிப் பார்த்தன். நம்மட ஊரப் பத்தி ஒண்டும் வருதில்ல."

எனக்கு நம்ப முடியவில்லை. ஏனென்றால் நான் வாசித்திருக்கிறேன். நமது ஊரில் ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். சில வருடங்களுக்கு முன்னர் தனது முகநூலில் பதினொரு பகுதிகளாக அந்த இரவைப் பற்றி எழுதினார். கூரை போன வீடுகள், வேரோடு சாய்ந்த தென்னந்தோப்பு, பள்ளிவாசலில் தங்கிய சனம், விடிந்த பிறகு யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பது வரை எல்லாம் இருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் 400க்கு மேல் லைக். கீழே கருத்துகளில் நமது மூத்தவர்கள் தங்கள் ஞாபகங்களையும் சேர்த்திருந்தார்கள். உண்மையில் அந்தக் கருத்துகள்தான் பாதி வரலாறு.

அவர் மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. நான் அந்தப் பதிவுகளை ஷேர் பண்ணியிருந்தேன். இப்போது எனது பக்கத்தில் அந்த ஷேரைத் திறந்தால் உள்ளடக்கம் கிடைக்கவில்லை என்று மட்டும் வருகிறது. 400 பேர் விரும்பினோம். ஒருவரும் பிரதி எடுத்து வைக்கவில்லை. நானும்தான்.

இதற்குள் ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நம்மில் பலர், முகநூலில் நிறைய லைக்கும் ஷேரும் விழுந்தால் கூகுளும் அதைப் பெரிய விஷயமாக எடுத்து முன்னுக்குக் கொண்டுவரும் என்று நினைக்கிறோம். எனது பழைய மாணவர் ஒருவர் சமையல் வலைப்பூ நடத்துகிறார். "ஆயிரம் ஷேர் எடுத்துத் தருகிறோம், கூகுளில் முதல் பக்கம் வரும்" என்று யாரோ சொன்னதை நம்பி, உழைத்த காசைக் கொடுத்திருக்கிறார். ஷேர் வந்தது. முதல் பக்கம் வரவில்லை.

ஏன் வரவில்லை? கூகுள் தனது வேலையை மூன்று படியில் செய்கிறது. முதலில் அதன் நிரல் திறந்திருக்கிற பக்கங்களுக்குப் போய் வாசிக்கிறது. பிறகு வாசித்ததைத் தனது பதிவேட்டில் சேர்க்கிறது. கடைசியாக, யாராவது தேடும்போது வரிசைப்படுத்திக் காட்டுகிறது. நண்பர்களுக்கு மட்டும் என்று போட்ட பதிவு, மூடிய குழுமத்தில் போட்டது, வட்ஸ்அப் குழுவில் அனுப்பியது, இவை முதல் படியையே தாண்டுவதில்லை. வாசிக்க முடியாததை வரிசைப்படுத்த முடியாது.

சரி, எல்லோருக்கும் திறந்த பதிவாக இருந்தால்? அப்போதும் லைக் எண்ணிக்கைக்கு மதிப்பெண் இல்லை. கூகுளில் வேலை செய்த மெட் கட்ஸ் 2014 ஜனவரியில் இதை வெளிப்படையாகவே சொன்னார். முகநூல், டுவிட்டர் பக்கங்களை வேறெந்தப் பக்கத்தையும் போலத்தான் பார்க்கிறோம், எத்தனை லைக், எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதை வரிசைப்படுத்த எடுப்பதில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். அதே மனிதர் 2010இல், சமூக வலைத்தள இணைப்புகளைக் கணக்கில் எடுக்கிறோம் என்று சொல்லியிருந்தார். அந்தப் பழைய கதைதான் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஷேர் பண்ணும்போது போகிற இணைப்பாவது உதவாதா என்று கேட்கலாம். ஒரு தளம் இன்னொரு தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பைச் சாட்சியாக எடுப்பது கூகுள் தொடங்கிய காலத்திலிருந்தே உள்ள முறை. ஆனால் பின்னூட்டங்களில் குப்பை இணைப்புகள் பெருகியதால், "இந்த இணைப்புக்கு நான் பொறுப்பில்லை" என்று காட்டும் நோஃபாலோ என்ற அடையாளம் 2005இல் வந்தது. முகநூல் போன்ற தளங்களிலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்குப் பொதுவாக இந்த அடையாளம் உண்டு. 2019இல் கூகுள் இதைக் கட்டாய விதி என்பதிலிருந்து ஒரு குறிப்பு என்ற அளவுக்குத் தளர்த்தியது. அதனால் ஆயிரம் ஷேர் ஆயிரம் சாட்சியாகிவிடாது.

அப்படியானால் ஷேர் பண்ணுவது வீணா? இல்லை. ஷேர் ஆட்களைக் கூட்டி வரும். வந்த நூறு பேரில் ஒருவர் சொந்தத் தளம் வைத்திருப்பார், ஒருவர் பத்திரிகையில் எழுதுகிறவராக இருப்பார், ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற பிள்ளையாக இருப்பார். அவர்கள் தங்கள் எழுத்தில் உங்கள் பக்கத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்தால் அதுதான் சாட்சி. நல்ல எழுத்துக்கு லைக்கும் விழும், இணைப்பும் விழும். இரண்டும் ஒன்றாக வருவதைப் பார்த்து, லைக்தான் பக்கத்தை உயர்த்தியது என்று நினைப்பது பிழை.

"சேர், சனம் எல்லாம் முகநூலில்தானே இருக்கு, வலைப்பூவை யார் வாசிக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் இதை முகநூலில்தான் எழுதுகிறேன். ஆனால் முகநூல் நமது சந்திக் கடை மாதிரி. பேச நல்ல இடம். காணி உறுதியை யாரும் சந்திக் கடையில் வைத்துவிட்டு வருவதில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2018 மார்ச்சில் திகனப் பிரச்சினையின்போதும், 2019 ஏப்ரலிலும் நாட்டில் முகநூலும் வட்ஸ்அப்பும் தடுக்கப்பட்டன. அந்த நாட்களில் நம்மைப் பற்றி அறிய விரும்பிய ஒருவர் கூகுளில்தான் தேடியிருப்பார். நாமே எழுதியவை எத்தனை அவருக்குக் கிடைத்திருக்கும்? இன்றைக்கும் ஊரின் பெயரைத் தேடிப் பாருங்கள். வருவதில் பெரும்பகுதி வெளியில் இருக்கிறவர்கள் எழுதியது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் எழுதியதெல்லாம் பூட்டிய அறைக்குள் கிடக்கிறது.

2005 முதல் நூலகம் நிறுவனத்தார் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி இணையத்தில் வைத்து வருகிறார்கள். அவர்களது பக்கங்கள் தேடலில் அகப்படுவது லைக்கினால் அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, தெளிவான தலைப்பு, யாரும் கணக்கு இல்லாமல் திறக்கலாம். இந்த மூன்றும் நம்மாலும் முடியும்.

எழுதுகிறவர்களுக்கு எனது ஆலோசனைகள்:

1. முதலில் வலைப்பூவில் போடுங்கள். பிளாகர் இலவசம். பிறகு இரண்டு பந்தியை முகநூலில் போட்டு இணைப்பைக் கொடுங்கள். முழுவதையும் இங்கே ஒட்டினால் யாரும் அங்கே போகமாட்டார்கள்.

2. தலைப்பில் ஊரின் பெயர், வருடம், விஷயம் மூன்றும் இருக்கட்டும். "மறக்க முடியாத இரவு" என்று யாரும் தேடமாட்டார்கள். "1978 சூறாவளி" என்று தேடுவார்கள்.

3. யுனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே போட்டால் நமக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கூகுளுக்கு அது பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்.

4. கட்டுரையைப் படமாகப் போடாதீர்கள். படம் வேண்டுமென்றால் எழுத்தையும் கூடவே போடுங்கள்.

5. நமக்குள் ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுங்கள். அடுத்தவர் எழுதியதை எடுத்துப் போட்டுவிட்டுப் பெயரை விழுங்குவதை நிறுத்துங்கள்.

6. பிரதி ஒன்றைக் கணினியிலும் வையுங்கள். வலைப்பூவும் நிரந்தரம் என்று நான் சொல்லவில்லை. கூகுள் பிளஸ் 2011இல் வந்து 2019இல் மூடப்பட்டது. அதில் மட்டும் எழுதி வைத்திருந்தவர்களின் கதி என்ன?

லைக்கும் ஷேரும் விற்கிறவர்களுக்குக் கொடுக்கிற காசுக்கு, ஒரு மூத்தவரைப் போய்ப் பார்க்க ஒரு பெட்டி பிஸ்கட் வாங்குங்கள். அவர் சொல்வதை எழுதிப் போடுங்கள். வேறெவரிடமும் இல்லாத விஷயம் உங்கள் பக்கத்தில் இருந்தால், தேடுகிறவர் அங்கேதான் வரவேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான்: "மகள், கூகுளை விடுங்க, மூத்தம்மாட்டக் கேளுங்க." அவள் நான்கு பக்கம் எழுதி வந்தாள். மூத்தம்மா அந்த இரவு கட்டிலுக்குக் கீழே மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்த கதை. அவளது பெற்றோரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தால், ஊருக்கென்று நான் தொடங்கப்போகிற வலைப்பூவில் முதல் பதிவு அதுதான், இன்ஷா அல்லாஹ்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தபாலதிபர் எழுதிய அந்தப் பதினொரு பகுதிகளில் எதையாவது யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். பழைய போன்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அவருடைய பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு அவரது பெயரிலேயே போடுவோம்.

இந்தப் பதிவுக்கு லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை. அதைத் தேடிப் பாருங்கள்.