யாருக்காக மரித்தார்?

“யார் விசுவாசிப்பார், யார் மறுதலிப்பார் என்பது தேவனுக்கு ஆதியிலேயே தெரியும். அப்படியிருக்க, மறுதலிக்கப் போகிறவர்களுக்காகவும் கிறிஸ்து ஏன் இரத்தம் சிந்தவேண்டும்?” வேதபாட வகுப்பில் ஒருவர் இப்படிக் கேட்டுவிட்டால் அன்றைய பாடம் அத்தோடு சரி. கேள்வி கூர்மையானதுதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன. தேவன் எதை முன்னறிந்தார் என்பது ஒன்று. சிலுவையில் அவருடைய நோக்கம் என்ன என்பது வேறொன்று.

இந்த வழக்கு விரிவாக விசாரிக்கப்பட்ட இடம் நெதர்லாந்து. லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்மினியஸ் 1609இல் காலமானார். மறு ஆண்டே அவர் வழிவந்தவர்கள் ஐந்து கூற்றுகளை அரசின் முன் வைத்தார்கள். கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், ஆனால் மன்னிப்பின் பலனை அடைகிறவர் விசுவாசிக்கிறவரே என்றது இரண்டாம் கூற்று. இதற்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல 1618 நவம்பரில் டோர்ட்ரெக்ட் நகரில் திருச்சபைச் சங்கம் கூடியது. அரசியல் பகையும் அதில் கலந்திருந்தது. அர்மினியர்களுக்கு அரணாக நின்ற முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே மாதம் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

அத்தனை கசப்புக்கு நடுவிலும் தேவனுடைய முன்னறிவை இரு தரப்பிலும் யாரும் மறுக்கவில்லை. எது முன், எது பின் என்பதில்தான் தகராறு. விசுவாசிப்பார்கள் என்று அறிந்து அவர்களைத் தெரிந்துகொண்டார் என்றார்கள் அர்மினியர்கள். தெரிந்துகொண்டதால்தான் அவர்களுக்கு விசுவாசமே வருகிறது என்றார்கள் எதிர்த்தரப்பினரான கால்வினியர்கள். ரோமர் 8:29இல் உள்ள ‘முன்னறிந்தார்’ என்ற சொல்லையே இரு தரப்பும் இரண்டு விதமாக வாசித்தன. கால்வினியர்களுக்கு அது வெறும் தகவலறிவு அல்ல. அன்பு வைத்துத் தமக்கென்று கொள்வது. ஆமோஸ் 3:2இல் இஸ்ரவேலை மட்டும் அறிந்ததாகத் தேவன் சொல்கிறாரே, மற்ற ஜாதிகளைப் பற்றி அவருக்குத் தெரியாது என்றா பொருள்? இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

அறிவதால் ஒன்று நடந்துவிடுமா? பஞ்சாங்கத்தில் கிரகணம் குறித்திருக்கிறது. பஞ்சாங்கம் சொன்னதற்காகக் கிரகணம் பிடிப்பதில்லை. 6ஆம் நூற்றாண்டில் மரணதண்டனைக்குக் காத்திருந்த போயத்தியஸ் சிறையிலிருந்து எழுதியதும் ஏறத்தாழ இதுவே: பார்ப்பது, நடப்பதைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது. பஞ்சாங்கக்காரர் நிலவைப் படைத்தவர் அல்லர். எல்லாம் அறிந்தே படைத்தவர் என்னும்போது கால்வினியரின் வாதத்துக்குப் பலம் கூடிவிடுகிறது. அர்மினியர்கள் இதற்கு முழுத் திருப்தியான விடை தந்துவிட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்படியானாலும் முன்னறிவிலிருந்து சிலுவையின் எல்லைக்கு நேர்வழி கிடையாது. மறுப்பான் என்று தெரிந்தே ஒருவனை மனதார விருந்துக்கு அழைக்கலாம். டோர்ட்ரெக்ட் சங்கமும் முன்னறிவைக் காட்டி எல்லை போடவில்லை. கிறிஸ்துவின் மரணம் உலகம் அனைத்தின் பாவத்துக்கும் தாராளமாகப் போதுமானது, சுவிசேஷம் வேறுபாடின்றி எல்லாருக்கும் அறிவிக்கப்படவேண்டும் என்றே அது எழுதிவைத்தது. தெரிந்துகொள்ளப்பட்டவர்களிடத்தில் மட்டும் அந்த மரணம் இரட்சிப்பாகப் பலிக்கவேண்டும் என்பது பிதாவின் நோக்கம் என்றது. ‘வரையறுக்கப்பட்ட பாவநிவாரணம்’ என்று நாம் ஒட்டும் பெயர் அந்தத் தீர்ப்பில் இல்லை. அதில் கையொப்பமிட்ட ஆங்கிலேயப் பிரதிநிதி ஜான் டேவனன்ட், ஒரு பொருளில் கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்று நம்பியவர்.

ஆகவே, முன்னறிவை வைத்து யாராவது சிலுவைக்கு வேலி போட வந்தால், யோவான் 10:15ஐயும் 1 யோவான் 2:2ஐயும் திறக்கச் சொல்லுங்கள். ஒன்றில் ஆடுகளுக்காக, மற்றொன்றில் சர்வலோகத்துக்காக. வழக்கு அந்த இரண்டு வசனங்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது.