முதல் மிதி

விடியற்காலையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் புறப்படும் உங்கள் பிக்கப் வண்டி, பிரேக்கை மிதித்ததும் "கீச்" என்று கத்துகிறதா? சக்கரத்துக்குள் குருவி கூடு கட்டியிருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பேட்டு தேய்ந்துவிட்டது என்று வண்டியே சொல்லும் சேதி அது. பல பேட்டுகளில் இதற்கென்றே ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். உரசும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது. அலட்சியம் செய்தால் இரும்போடு இரும்பு உரசும். டிஸ்க்குக்கும் சேர்த்துத் தண்டம் அழ வேண்டியதுதான்!

1953-ல் பிரான்ஸ் நாட்டு லெ மான் பந்தயத்தில் ஜெயித்த ஜாகுவார் காரில் இருந்த டிஸ்க் பிரேக், இன்று வெங்காய வண்டியிலும் வந்துவிட்டது. நம் ஊர்ச் சிறு பிக்கப்புகளில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஸ்பானர் பிடித்துப் பழகிய கை என்றால், முன் பேட்டுகளை வீட்டு வாசலிலேயே மாற்றலாம். ஆனால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால், பிரேக் போடும்போது வண்டி ஒருபுறமாக இழுக்கும்.

பாரத்தை இறக்கிவிட்டுச் சமதரையில் நிறுத்துங்கள். கியரில் போட்டு, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகே ஜாக்கி ஏற்றுங்கள். ஏற்றியதும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது கூடவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றினால், டிஸ்க்கைக் கவ்விக்கொண்டிருக்கும் காலிப்பர் தெரியும். போல்ட்டுகளைக் கழற்றி அதைக் கம்பியால் கட்டித் தொங்க விடுங்கள். ரப்பர் குழாயில் அதன் கனம் விழக் கூடாது. தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். டிஸ்க்கில் ஆழமான கோடோ வெடிப்போ கண்டால், அத்துடன் நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். எது எங்கே இருந்தது என்ற சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மாதிரி ஒன்று வேண்டுமல்லவா?

புதிய பேட்டு தடிமனானது. அதற்கு இடம் வேண்டுமே! பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டு, பழைய பேட்டை அண்டக் கொடுத்து, கிளாம்ப்பால் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளுங்கள். டப்பாவில் ஆயில் மேலே ஏறும். வழிந்தால் பெயிண்டைத் தின்றுவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். புதிய பேட்டின் உரசும் முகத்தில் எண்ணெய்ப் பசை ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது. போல்ட்டுகளை வண்டிக் கையேட்டில் கண்ட அளவுக்கு முறுக்குங்கள்.

"அப்பாடா, வேலை முடிந்தது!" என்று சாவியைத் திருகப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்! உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் பேட்டை நெருங்கவில்லை. முதல் மிதியில் பெடல் தரை வரை போய்விடும், வண்டி நிற்காது. ஆகையால் எஞ்சினைக் கிளப்புமுன் பெடலை நிதானமாகப் பலமுறை மிதியுங்கள். அது கெட்டியாகிக் காலை எதிர்க்க வேண்டும். எதிர்க்காவிட்டால் வண்டியை எடுக்கவே வேண்டாம். ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து மூடியைப் போட்டு, காலி வண்டியை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, நாலைந்து தடவை நிறுத்திப் பாருங்கள்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடிவரும் தெருவிலா அந்த முதல் மிதியைப் பரீட்சை பார்ப்பது? வாசலிலேயே மிதித்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.