வாக்களித்தாயிற்று, இனி யாரிடம் கேட்பது?



கிழக்கிலங்கையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதமே இம்மாதம் இந்தப் பக்கத்துக்கு விடயமாகிறது. அவரது ஒழுங்கையின் தெருவிளக்கு அணைந்து மாதக்கணக்காகிறதாம். இஷாவுக்குப் பிறகு மதரஸாவிலிருந்து வரும் பிள்ளைகள் இருட்டில் தட்டுத்தடுமாறி வருகிறார்கள். கிராம உத்தியோகத்தரிடம் சொன்னால், அது தன்னுடைய வேலை அல்ல என்கிறார். மின்சார சபையில் கேட்டால் பிரதேச சபைக்குப் போகச் சொல்கிறார்கள். கணவரிடம் சொன்னால், "அதெல்லாம் ஆம்புளயள்ற வேல, நீ சும்மா இரி" என்கிறார். கடிதத்தின் கடைசியில் அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார்: "வோட்டுப் போடப் போகும்போது மட்டும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்களே, அப்போது அது பெண்களின் வேலையாக இருந்ததா?"

நியாயமான கேள்வி. இதற்கான பதில் அந்தச் சகோதரிக்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்கும் தேவைப்படுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் நம்மில் பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருக்கிறோம். பிரதேச செயலகம் மத்திய அரசாங்கத்தின் அலுவலகம். கிராம உத்தியோகத்தர் அதன் கீழ் கடமை புரிபவர். அடையாள அட்டைக்கான விண்ணப்பம், வதிவிடச் சான்றிதழ், நிவாரணக் கொடுப்பனவு போன்றவற்றுக்கு நாம் போவது அங்கேதான். பிரதேச சபை என்பது நாம் வாக்களித்துத் தெரிவு செய்யும் சபை. ஊருக்குள் ஓடும் சிறு பாதைகள், வடிகான், தெருவிளக்கு, குப்பை அகற்றல், பொதுச் சந்தை, நூலகம், விளையாட்டு மைதானம், மையவாடி, வீடு கட்டுவதற்கான அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம், மாடு அறுக்கும் மடுவம் ஆகிய இவை எல்லாம் அதன் பொறுப்பில் வருபவை. நகர சபையும் மாநகர சபையும் இதே வேலையைப் பெரிய ஊர்களில் செய்பவை.

சகோதரிகளே, இந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். இதில் உங்கள் வீட்டு வாசலைத் தொடாத விடயம் ஏதாவது உண்டா? கானில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகுகிறது. பிள்ளைக்கு டெங்கு வந்தால் வைத்தியசாலைக் கட்டிலருகே இரவு பகலாக விழித்திருப்பவள் உம்மாதான். குப்பை வண்டி வராவிட்டால் மீன் கழிவை வைத்துக்கொண்டு திண்டாடுபவளும் அவள்தான். நூலகம் பிந்திய மாலையில் மட்டும் திறந்தால் வாசிக்க ஆசைப்படும் நம் பெண் பிள்ளை அங்கே போக முடியாது. சபை தன் வேலையைச் செய்யாதபோது அந்தச் சுமையை அதிகம் சுமப்பவர்கள் பெண்கள். சுமப்பது நம் வேலையென்றால், கேட்பது மட்டும் எப்படி ஆண்களின் வேலையாகும்?

ஈமானின் கிளைகளைப் பற்றிச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், பாதையில் கிடக்கும் நோவினை தரும் பொருளை அகற்றுவதும் அவற்றில் ஒன்று எனக் கற்றுத் தந்தார்கள். ஆண்களுக்கு மட்டும் என்று அதை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. இரண்டாம் அகபா உடன்படிக்கையில் 73 ஆண்களோடு இரண்டு பெண்களும் இருந்தார்கள். பொதுக் காரியத்தில் வாக்குறுதி கொடுப்பது நமது வரலாற்றில் பெண்ணுக்குப் புதியதல்ல.

நம் நாட்டிலும் புதியதல்ல. 1931ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் பெண்களுக்கு வாக்குரிமை இருக்கிறது. கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்த மர்ஹூமா ஆயிஷா ரவூப் அவர்கள் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி, பிரதி மேயராகவும் பணியாற்றினார். அது எழுபது வருடங்களுக்கு முந்திய கதை.

பிரதேச சபைகளின் வரலாறு அவ்வளவு நீண்டதல்ல. முன்பிருந்த கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் இல்லாமற் போயின. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. 1991இல் முதல் தேர்தல் நடந்தது. யுத்தச் சூழ்நிலையால் கிழக்கு மாகாண மக்கள் 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அண்மையிலும் நாம் ஒருமுறை காத்திருந்தோம். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் நடக்கவிருந்த தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நின்றுபோனது. தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் 339 சபைகளுக்கு வாக்கெடுப்பு நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடங்களுக்கும் மேலாக நம் ஊர்ச் சபைகளில் மக்கள் தெரிவு செய்த ஒருவர்கூட இருக்கவில்லை. உத்தியோகத்தர்களே நடத்தினார்கள். கான் உடைந்தால் போய் முறையிட நமக்கென்று ஓர் உறுப்பினர் இல்லை. அந்த இரண்டு வருடங்களை நினைத்துப் பார்த்தால், இப்போது கையில் இருப்பதன் பெறுமதி புரியும்.

நாம் போட்ட ஒரு புள்ளடி எப்படி எண்ணப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சபையின் ஆசனங்களில் ஏறத்தாழ 60 வீதம் வட்டாரங்களுக்கு உரியது. வட்டாரத்தில் கூடுதல் வாக்குப் பெறுபவர் உறுப்பினராகிறார். மிகுதி 40 வீதம், கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் சபை முழுவதிலும் பெற்ற மொத்த வாக்குகளுக்கு ஏற்ப நிரப்பப்படுகிறது. ஆகவே நீங்கள் வாக்களித்த வட்டார வேட்பாளர் தோற்றாலும் உங்கள் வாக்கு வீணாவதில்லை. அது பட்டியலுக்குக் கணக்காகிறது. ஆனால் பட்டியலிலிருந்து எவர் சபைக்குப் போகிறார் என்பதைத் தேர்தலுக்குப் பிறகு கட்சியே தீர்மானிக்கிறது. நம் வாக்கு அங்கே நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் பெண்களின் பிரச்சினை வருகிறது. 2016ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம், உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்றது. அதற்கு முன் நாடு முழுவதிலும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இருக்கவில்லை. 2018 தேர்தலோடு அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. பெரிய மாற்றம்தான். ஆனால் வட்டார வேட்பாளர்களில் பத்தில் ஒருவர் பெண்ணாக இருந்தால் சட்டத்துக்குப் போதும். பட்டியலில்தான் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதனால் பெண்களில் பெரும்பாலானோர் பட்டியல் வழியாகவே சபைக்குள் போகிறார்கள். "உங்களுக்கு வட்டாரமே இல்லையே" என்ற பேச்சு அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

இன்னும் வேதனையான விடயம் ஒன்றுண்டு. சட்டத்துக்காக ஒரு பெண்ணின் பெயரைப் போடுவார்கள். கையொப்பம் அவளுடையது, பேச்சு அவள் கணவருடையது. அல்லது ஆளுக்குக் கொஞ்சக் காலம் என்று ஆசனத்தைப் பங்கிட்டு, வேலை பழகி வரும் நேரத்தில் அவளை இராஜினாமாச் செய்யச் சொல்வார்கள். சகோதரிகளே, ஒரு பெயரைக் கடனாக வாங்கிச் சபையை நிரப்புவது பெண்ணுக்குச் செய்யும் மரியாதையா? அந்தப் பெண்ணை நம்பி, இவள் நம் கஷ்டம் அறிந்தவள் என்று வாக்களித்த மற்றப் பெண்களுக்கு யார் பதில் சொல்வது?

நம் பங்கையும் பேசத்தான் வேண்டும். நமது ஊர்களில் வாக்கு என்பது இன்னும் பல இடங்களில் குடும்பத்தின் சொத்தாகவே இருக்கிறது. கிழக்கில் குடி பார்க்கிறார்கள். வேறு ஊர்களில் ஜமாஅத் பார்க்கிறார்கள், உறவு பார்க்கிறார்கள். "மச்சான் கேட்கிறார், போடாமல் விடுவதா?" என்கிறோம். ஊர் ஒற்றுமைக்காகப் பள்ளிவாசலில் கூடிப் பேசுவதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெண் ஒருத்தியும் இல்லாமல் எடுத்த முடிவை, அந்த ஊர் வாக்காளரில் பாதிப் பேரான பெண்கள் மேல் சுமத்துவது எந்த மஷூரா? வாக்கு ஓர் அமானிதம். அது ஒரு சாட்சியம். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். தகுதி இல்லை என்று மனம் சொல்லும் ஒருவருக்கு, உறவுக்காகச் சாட்சி சொல்லிவிட்டு, பிறகு கான் நாறுகிறது என்று புலம்பி என்ன பயன்?

குப்பை விடயத்தில் நம் கையும் சுத்தமல்ல. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில், சுற்றியுள்ள ஊர்களின் குப்பை கொட்டப்படும் திடலில், பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வந்தன. மிச்சச் சோற்றை ஷொப்பிங் பையில் கட்டி வீசுபவர்கள் யார்? 2017 ஏப்ரலில், புத்தாண்டு தினத்தன்று, கொலன்னாவை மீதொட்டமுல்லயில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியதில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சமையற் கழிவை வேறாகவும் பிளாஸ்டிக்கை வேறாகவும் பிரித்து வைப்பது குசினியிலேயே முடிகிற வேலை. அதை நாம் செய்தால்தான், பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டு போங்கள் என்று சபையிடம் தலை நிமிர்ந்து சொல்லலாம்.

இனி அந்தச் சகோதரிக்கும், அவரைப் போன்றவர்களுக்கும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். தவிசாளருக்கு விலாசமிட்டு, ஒழுங்கையின் பெயர், மின்கம்பத்தின் இலக்கம், எத்தனை நாளாக விளக்கு இல்லை என்பதைச் சுருக்கமாக எழுதுங்கள். பக்கத்து வீட்டு ராத்தா, எதிர்வீட்டு மாமி என்று பத்துப் பேரின் கையொப்பம் வாங்குங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சபை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் திகதியோடு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வட்டார உறுப்பினருக்கும் சபையிலுள்ள பெண் உறுப்பினருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். பெண் உறுப்பினரிடம் வேலையைக் கொண்டு போனால்தான், அவருக்கும் சபையில் எழுந்து பேச ஒரு விடயம் கிடைக்கும். அவர் பெயரளவு உறுப்பினராக இருந்துவிட முடியாது.

பதில் வராவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரஜைக்கும் உரியது. தெருவிளக்குகளுக்கு இவ்வருடம் ஒதுக்கிய தொகை எவ்வளவு, எந்தெந்த வீதிக்குச் செலவாயிற்று என்று சபையின் தகவல் அதிகாரியிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள், தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும்.

சபையின் கூட்டங்களைப் பொதுமக்கள் அமர்ந்து கேட்கலாம். நாளையும் நேரத்தையும் அலுவலகத்தில் விசாரித்து, நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒருமுறை போய் வாருங்கள். பார்க்க ஆளிருக்கிறது என்றால் பேச்சே வேறாக இருக்கும். அடுத்த வருடத்துக்கான வரவுசெலவுத் திட்டம் வருட முடிவுக்கு முன் சபைக்கு வருகிறது. வடிகானோ முன்பள்ளி மலசலகூடமோ, உங்கள் கோரிக்கை அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். பணம் பங்கிட்ட பிறகு கேட்டால், "அடுத்த வருடம் பார்ப்போம்" என்பார்கள்.

சோலைவரியையும் நேரத்துக்குக் கட்டுங்கள். முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் செலுத்தினால் பத்து வீதக் கழிவு உண்டு. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். சபையில் செலவாவது யாருடைய பணம் என்று எவராவது கேட்டால் காட்டுவதற்கு அது உதவும்.

கடைசியாக, வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் எந்த வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போன பெண்ணின் பெயர் தாய் வீட்டிலேயே கிடக்கும். கிழக்கிலே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதால், அவர் பெயர் அவருடைய உம்மாவின் வீட்டில் கிடக்கும். இருக்கும் ஊரில் பெயர் இல்லாவிட்டால் அந்த ஊரின் கானுக்கும் விளக்குக்கும் நம் வாக்கு உதவாது. வருடாந்தம் இடாப்புத் திருத்தப்படும்போது கிராம உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ளுங்கள். பதினெட்டு வயதான பிள்ளைகளின் பெயரையும் மறந்துவிடாதீர்கள்.

பொறுப்பைக் கேட்டுப் பெறுவது பெரிதல்ல. அதற்குக் கணக்குச் சொல்வதுதான் பெரிது என்பதை நம் உறுப்பினர்கள் உணரட்டும். கணக்குக் கேட்பது நம் மேல் கடமை என்பதை நாமும் உணர்வோம். வல்ல அல்லாஹ் நம் ஊர்களை நலமாக்கி, நம் கைகளில் தந்த அமானிதத்தைப் பேணி நடக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.