கிதார் யாருடைய சொத்து?

இரணியலில் ஒரு சச்சரவு கிளம்பியிருக்கிறது. சின்னச் சச்சரவுதான். ஆனால் அதன் வயிற்றுக்குள் பெரிய விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது; ஆகவே எழுதுகிறோம்.

கொடைவிழாவின் கடைசி இரவுக்கு என்ன வைப்பது என்று ஊரில் பேச்சு நடந்தது. தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறவன் ஒருவன், அண்டி ஆபீசில் வேலை பார்க்கும் தாய்மார்களின் பிள்ளைகள் இரண்டு பேர், இப்படி நாலு இளைஞர்கள் சேர்ந்து ஒரு வாத்தியக் குழு வைத்திருக்கிறார்கள். இரண்டு கிதார், ஒரு டிரம் செட். தவணைக்கு வாங்கியவை; தவணை இன்னும் தீரவில்லை. "எங்களுக்கும் ஒரு மணி நேரம் தாருங்கள், ராக் பாட்டு வாசிக்கிறோம்" என்று அவர்கள் கேட்டார்கள். அவ்வளவுதான்! வந்தது எதிர்ப்பு.

ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "மக்களே, அது வெள்ளைக்காரன் கூத்து. நம்ம ஊருக்கு ஆகாது." காரில் வந்திறங்கிய படித்த கனவான் ஒருவர் வேறு மாதிரி மறுத்தார்: "ராக் என்பது ரசனை உள்ளவர்கள் கேட்கிற சங்கீதம். இங்கிலீஷ் புரியாத ஜனங்கள் முன்னால் அதை ஏன் கெடுக்க வேண்டும்?"

பெரியவர், பாட்டு மட்டம் என்கிறார். கனவான், நாம் மட்டம் என்கிறார். காரணம்தான் வேறு; தீர்ப்பு ஒன்றே: உனக்கு இல்லை!

இந்தத் தீர்ப்பை இந்த ஊர் முன்பும் கேட்டிருக்கிறது. கல்குளம், இரணியல் வட்டாரங்களில் உழைக்கிற பெண்கள் தோளில் சீலை போட்டதற்காக அடிபட்டார்கள். 1859-ல் ராஜாங்கம் உத்தரவு போடும் வரை அந்தக் கலகம் ஓயவில்லை. அன்று தோளில் துணி போடாதே என்றார்கள். இன்று தோளில் கிதார் மாட்டாதே என்கிறார்கள். சரி, இந்தச் சங்கீதம் யார் பெற்ற பிள்ளை? சரித்திரத்தையே கேட்போம்.

பருத்திக் காட்டில் பிறந்தது

அமெரிக்காவில் மிசிசிப்பி என்றொரு மாகாணம். பருத்தி விளையும் மண். நம் கோயமுத்தூர் மில் தொழிலாளி நூற்கிற அதே பருத்திதான். அதை எடுத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்களின் சந்ததி. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்துப் பிரகடனம் வந்தது 1855-ல், அமெரிக்காவில் 1865-ல். சட்டம் ஒழித்ததை நிலச்சுவான்தார் வேறு பெயரில் வைத்துக்கொண்டான். வாரத்துக்குப் பயிர் செய். விதை முதல் உப்பு வரை பண்ணைக் கடையில் கடனுக்கு வாங்கு. அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்த்தால் நீதான் பாக்கி! நாஞ்சில் நாட்டு வயலில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குடிசைகளில் வாத்தியம் வாங்கக் காசு ஏது? சுவரில் இரண்டு ஆணி அடித்தார்கள். ஒரு கம்பியை இழுத்துக் கட்டினார்கள். கம்பிக்கு அடியில் ஒரு பாட்டிலைச் செருகி மீட்டினார்கள். நம் வில்லுப்பாட்டுக்காரர் வில்லைக் குடத்தின் மேல் வைத்து வீசுகோலால் அடித்து ஊரையே கட்டிப் போடுகிறாரே, அதே சாமர்த்தியம்தான். கைக்குக் கிடைத்ததில் நாதம் எடுப்பது. அங்கே பிறந்த பாட்டுக்கு ப்ளூஸ் என்று பெயர். ராக் சங்கீதத்தின் தாய் அதுதான்.

மடி வாட்டர்ஸ் என்ற பாடகரின் கதையைச் சொல்கிறோம். ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய கூலி அவர். மணிக்கு 22½ சென்ட் கூலி. 1943-ல் அதை 25 சென்டாக்கும்படி கேட்டார். கேட்டது இரண்டரை சென்ட்! பண்ணை மேஸ்திரி மறுத்தான். மனிதர் மூட்டையைக் கட்டிக்கொண்டு சிகாகோவுக்கு ரயில் ஏறிவிட்டார். அங்கே பகலில் ஆலை வேலை, லாரி ஓட்டும் வேலை, இரவில் பாட்டு. தொழிலாளர் கூடும் மதுக்கடைகளின் இரைச்சலில் மரக் கிதாரின் சத்தம் எடுபடவில்லை. மின்சாரக் கிதாரைக் கையில் எடுத்தார். ராக் சங்கீதத்தின் அந்தக் கனத்த மின்சார முழக்கம் உல்லாசத்துக்காக வந்ததல்ல. உழைத்துக் களைத்த கூட்டத்தின் காதில் விழ வேண்டும் என்பதற்காக வந்தது. 1950-ல் அவர் பதிந்த "ரோலிங் ஸ்டோன்" பாட்டிலிருந்துதான் லண்டனின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரையே எடுத்துக்கொண்டது.

இதுவா வெள்ளைக்காரன் கூத்து, பெரியவரே?

பாடியவன் பட்டினி, பதிந்தவன் பணக்காரன்

வெள்ளைக்காரன் செய்ததும் உண்டு. ஆர்தர் கிரடப் என்று ஒரு கறுப்புத் தொழிலாளி, மிசிசிப்பிக்காரர். "தட்ஸ் ஆல் ரைட்" என்ற பாட்டை எழுதி 1946-ல் பாடிப் பதிந்தார். 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி அதே பாட்டைப் பாடினார். அதுதான் அவருடைய முதல் இசைத்தட்டு. பிரெஸ்லியும் லாரி ஓட்டிய ஏழைப் பையன்தான். கிரடப்பின் பெயரை அவர் மறைக்கவில்லை. அவரைத் திட்ட நாம் வரவில்லை. ஆனால் பாட்டின் உரிமைப் பணம் எங்கே போயிற்று? கம்பெனிகளின் பெட்டிக்குப் போயிற்று. உலகம் "ராக் அண்ட் ரோலின் தந்தை" என்று கொண்டாடிய கிரடப், பிழைப்புக்காகத் தோட்டங்களில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். கடைசியில் வழக்கறிஞர் முயற்சியில் சுமார் 60,000 டாலருக்கு ஒரு உடன்பாடு உருவாயிற்று. கையெழுத்துப் போடும் நேரத்தில் கம்பெனி பின்வாங்கிற்று. 1974-ல் அவர் ஏழையாகவே இறந்தார்.

வெள்ளைக்காரப் பாடகனையாவது விட்டார்களா? ஜான் ஃபோகர்ட்டி 1969-ல் "ஃபார்ச்சுனேட் சன்" பாடினார். பணக்காரன் பிள்ளை தப்பித்துக்கொள்ள, ஏழையின் பிள்ளையை வியட்நாமுக்குச் சாக அனுப்பும் அநியாயத்தைக் காறி உமிழ்ந்த பாட்டு அது. அவருடைய பழைய பாட்டுகளின் உரிமை முழுவதும் கம்பெனியின் கையில். பிற்பாடு அவர் புதுப் பாட்டு ஒன்றை வெளியிட்டபோது, அது 1970-ல் அவரே செய்த பாட்டின் சாயல் என்று கம்பெனி வழக்குப் போட்டது! தன்னைத் தானே திருடினானாம்! 1988-ல் மனிதர் கிதாரோடு சாட்சிக் கூண்டில் ஏறி வாசித்துக் காட்டி வழக்கை ஜெயித்தார். தன் பாட்டுகளின் உரிமையில் பெரும்பகுதி அவர் கைக்கு வந்தது 2023-ல்தான். இதற்கிடையே 2020-ல் டிரம்ப்பின் தேர்தல் கூட்டத்தில் அதே பாட்டைப் போட்டார்கள். நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார் ஃபோகர்ட்டி. எவனைப் பாட்டு சாடியதோ அவன் மேடையிலேயே அது முழங்குகிறது. வெட்கம் என்பது அவர்களுக்குக் கிடையாது போலும்.

ஆலை தின்ற விரல்

எங்களுக்கு மிகவும் பிடித்த கதை இனிமேல்தான்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம், தொழிற்சாலை நகரம். 1965-ல் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் அங்கே ஒரு இரும்புத் தகட்டு ஆலையில் வேலை செய்தான். குழுவோடு வெளியூர்க் கச்சேரிக்குப் போவதற்காக வேலையை விடுகிற நாள்; அதுதான் கடைசி ஷிப்ட். அன்றைக்கு ஒரு தொழிலாளி வரவில்லை. பழக்கமே இல்லாத பிரஸ் இயந்திரத்தில் இவனை நிறுத்தினார்கள். இயந்திரம் இறங்கிற்று. வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயிற்று. பையன் இடக்கைக்காரன், கிதார் கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான்.

ஆலையில் இருந்த மேஸ்திரி ஒருவர் ஓர் இசைத்தட்டோடு பார்க்க வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற நாடோடி இனத்துக் கலைஞனின் தட்டு. 1928-ல் வண்டி தீப்பிடித்துக் கை வெந்து, மீதி இரண்டு விரலை வைத்தே உலகத்தை மயக்கியவன். அதைக் கேட்ட பையன் எழுந்தான். பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான். பழைய தோல் சட்டையை வெட்டி அதன் மேல் ஒட்டினான். வலி தாங்க மெல்லிய கம்பிகளைப் போட்டான். பிற்பாடு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினான். அந்த இறங்கிய சுருதியிலிருந்து இருண்ட, கனத்த, ஆலைச் சம்மட்டி போன்ற ஓசை வந்தது. அந்தக் குழுதான் பிளாக் சாபத். 1970-ல் அவர்கள் வெளியிட்ட "வார் பிக்ஸ்", யுத்தம் நடத்தும் தளபதிகளையும் அரசியல்வாதிகளையும் பன்றிகள் என்று கூப்பிட்டது. "ஹெவி மெட்டல்" என்று இன்று உலகமெல்லாம் சொல்லும் சங்கீதத்தின் ஓசை ஓர் ஆலை விபத்தின் ஓசை.

அண்டி ஆபீசில் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் வெந்த தாயின் மகன் இதை வாசித்தால், கனவானே, ரசனை கெட்டுவிடுமா?

சிகரெட்டு வளர்த்த சங்கீதம்

கனவானுக்கு இந்தக் கர்வம் எங்கிருந்து வந்தது? நம் நாட்டில் ராக் நுழைந்த வழி அப்படி. 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் "சிம்லா பீட்" என்ற போட்டி நடந்தது. சென்னையிலிருந்து கன்ஃப்யூஷன்ஸ், ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ் என்று பல ஊர்க் குழுக்கள் வாசித்தன. 1970, 1971 ஆண்டுகளில் இரண்டு இசைத்தட்டுகளும் வந்தன. போட்டியை நடத்தியது யார்? இம்பீரியல் டொபாக்கோ, 1970-ல் இந்தியா டொபாக்கோ என்று பெயர் மாறிய கம்பெனி. "சிம்லா" என்பது அவர்களுடைய சிகரெட்டின் பெயர்! வாலிபனின் காதில் கிதார், வாயில் புகை.

வாசித்த பையன்களிடம் திறமை இருந்தது. இன்று கேட்டாலும் தெரிகிறது. ஆனால் அந்தத் தட்டுகளில் பேசும் பாஷை இங்கிலீஷ். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களின் 44 உயிர்களைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அதே காலத்தில் பதிந்த அந்தத் தட்டுகளில் வெண்மணி இல்லை. இரண்டரை சென்ட் கேட்டவனின் கிதார், அரைப்படி நெல் கேட்டவளைப் பாடவில்லை. சிகரெட்டு வியாபாரி பாட விடுவானா?

இன்றைக்குச் சிகரெட்டு போய் டிக்கெட் வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் மும்பையில் கோல்டுப்ளே குழுவின் கச்சேரிக்கு 2,500 ரூபாய் முதல் 35,000 ரூபாய் வரை டிக்கெட். 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குத் தினக்கூலி 319 ரூபாய். நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்து, நூறு நாளும் பாக்கியில்லாமல் கூலி வந்தாலும் 31,900 தான். கடைசி வரிசை டிக்கெட்டுக்கே எட்டு நாள் மண் வெட்ட வேண்டும்.

அதற்காக ராக் வேண்டாமென்று சொல்வதா? நம்மில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள். அதை மறைக்கக் கூடாது. முதலாளித்துவச் சீரழிவு என்று ஒரே முத்திரையைக் குத்தி ஒதுக்கினார்கள். சோவியத் நாட்டிலேயே 1950-களில் தடை செய்த பாட்டுகளை இளைஞர்கள் ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட எக்ஸ்ரே படங்களில் பதிந்து ஒளித்துக் கேட்டார்கள். யாரோ ஒரு மனிதனின் விலா எலும்புப் படத்தின் மேல் பாட்டு சுழன்றது. தொழிலாளி பெற்ற பிள்ளையைத் தொழிலாளி அரசே வாசலில் நிறுத்தியது பிழை. பெரிய பிழை.

சரியாகப் புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். சிலி நாட்டுக் கம்யூனிஸ்டுப் பாடகர் விக்தோர் ஹாரா, நிலமற்ற குடியானவரின் மகன். 1971-ல் வியட்நாமுக்காக, ஹோ சி மின்னை நினைத்து, "சமாதானமாய் வாழும் உரிமை" என்ற பாட்டைச் செய்தபோது புளோப்ஸ் என்ற ராக் குழுவின் மின்சாரக் கிதார்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1973 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பறித்த சில நாட்களிலேயே அவரைச் சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றது. கொலைகாரர்களின் தண்டனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்ய 2023 ஆயிற்று. அதற்குள் 2019-ல் சாந்தியாகோ வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் அதே பாட்டைக் கிதாரோடு பாடிவிட்டார்கள்.

இங்கேயும் நடந்திருக்கிறது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" மேடை ஏறிற்று. இயக்குநர் பா. ரஞ்சித் முன்னின்று, இசையமைப்பாளர் டென்மா சேர்த்த குழு. கானாப் பாட்டும் பறையும் சட்டியும் ஒரு பக்கம், ராக் கிதாரும் டிரம்மும் ஒரு பக்கம். சாதி இல்லாத தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து பெயர். மலக்குழியில் இறங்குகிறவனையும் ஆணவக் கொலையையும் இடஒதுக்கீட்டையும் வடசென்னைத் தமிழில் பாடினார்கள். கூட்டத்தில் எவரும் பொருள் கேட்டுப் பக்கத்து ஆளைச் சுரண்டவில்லை.

நம் நாஞ்சில் நாடு இதற்குப் புதிதா? பூதப்பாண்டி ஜீவா தொழிலாளிக்குப் பாட்டுக் கட்டியவர். ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் கதாகாலட்சேபத்தில் கிந்தனாரைப் பாடிச் சாதிக்கொடுமையைச் சிரிக்கச் சிரிக்கக் கிழித்தவர். வில் நம்முடையது. கிதாரும் நம்முடையதே, பருத்திக் காட்டு வழியாகச் சுற்றி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விழாக் கமிட்டி மறுபடியும் கூடப் போகிறது. நாம் கேட்பது ஒரு மணி நேரம். பையன்களுக்கும் ஒரு வார்த்தை: "வார் பிக்ஸ்" வாசியுங்கள், மடி வாட்டர்ஸ் வாசியுங்கள், நடுவே அண்டி ஆபீஸ் கூலியைப் பற்றி நம் பேச்சிலேயே ஒரு பாட்டுக் கட்டிப் பாடுங்கள். வில்லுப்பாட்டு அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சம்மதம், கேட்டுவிட்டோம். கிதார் தவணைக்கு உண்டியல் வைப்பது எங்கள் பொறுப்பு. பெரியவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவோம். கனவானுக்கும்தான், டிக்கெட் கிடையாது.