காரின் கண்ணில் புரை

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று கேட்பது பழமொழி. மோட்டார் காரின் விஷயத்திலோ சூரியனே கண்ணைக் கெடுத்துவிடுகிறான். ஆண்டுக்கணக்கில் வெயிலில் நிற்கும் கார்களின் முகப்பு விளக்குகளைச் சற்று உற்றுப் பார்த்தால் போதும். சில பழுப்பேறி மங்கியிருக்கும்; சில சிலந்தி வலைபோல நுண்ணிய வெடிப்போடிக் கிடக்கும். வாரம் தவறாமல் காருக்கு மெருகு போடும் சொந்தக்காரர், விளக்கை மட்டும் 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறார்.

பழைய அம்பாஸிடரின் வட்ட விளக்குக்கு இந்த நோய் வந்ததில்லை. அதன் முகம் கண்ணாடி. கல் பட்டால் உடையுமே தவிர, வெயிலில் மங்காது. இன்றைய கார்களில் விளக்கின் மூடி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அமெரிக்காவில் 1983-இல் விதி தளர்ந்து, 1984 மாடல் லிங்கன் மார்க் செவன் காரில் இத்தகைய விளக்கு வந்தது. எடை குறைவு, எளிதில் உடையாது, எந்த வடிவிலும் வார்க்கலாம். ஆனால் சூரியனின் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. அதைத் தடுக்கத் தொழிற்சாலையில் மெல்லிய பூச்சு ஒன்று பூசுகிறார்கள். அந்தப் பூச்சு கெட்டதும் சீர்கேடு தொடங்குகிறது.

இது அழகைப் பற்றிய விஷயம் அன்று. ஏ.ஏ.ஏ. என்னும் அமெரிக்க மோட்டார் சங்கம் 2018-இல் சோதித்தபோது, மங்கிய விளக்கு புதிய விளக்கின் ஒளியில் சுமார் 20 சதவீதமே தந்தது. மங்கிய மூடியில் பட்டுச் சிதறும் ஒளி, எதிரே வருபவரின் கண்ணையும் கூசச் செய்கிறது. இதற்குப் பரிகாரமாகச் சிலர் சக்தி மிகுந்த பல்பை மாட்டுகிறார்கள். அது நோயைப் பெருக்கும் வைத்தியம்: கூச்சமும் கூடும்; உஷ்ணத்தால் மூடியும் கெடும்.

முதலில் நோயை அறிய வேண்டும். விளக்கைக் கழுவித் துடைத்து, மேலே சிறிது தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். நனைந்தவுடன் மங்கல் மறைந்தால், குறை மேற்பரப்பில்தான், தேய்த்தால் போகும். நனைந்த பிறகும் கோடுகள் அப்படியே தெரிந்தால், வெடிப்பு ஆழமானது அல்லது உட்புறத்தது. மேலே தேய்த்துப் பயனில்லை. உள்ளே தண்ணீர் கோத்து நின்றால், மூடி விரிசல் கண்டிருக்கும் அல்லது அதன் ஓரப் பிடிப்பு விட்டிருக்கும்.

மேற்பரப்புக் குறைக்குச் சிகிச்சை எளிது. சுற்றிலும் பெயிண்டில் டேப் ஒட்டி, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் 1000, 2000, 3000 என்று நம்பர் ஏற ஏறத் தேய்க்க வேண்டும். பிறகு ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைப் பூச வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பற்பசையால் தேய்த்த பளபளப்பு விரைவில் மறைவது இதனால்தான். பெட்ரோல், தின்னர் ஆகியவற்றால் துடைப்பதோ பிளாஸ்டிக்கை மேலும் வெடிக்கச் செய்யும். முறையாகச் செய்தால் ஒளி ஏறக்குறைய 70 சதவீதம் வரை மீளும் என்று அதே சங்கத்தின் சோதனை கண்டது.

விரிசல் கண்ட விளக்குக்கு இவையெல்லாம் பயன்படா. பசை போட்டு ஒட்டினாலும் உள்ளே ஈரம் புகுந்தால் ஒளியைத் திருப்பும் அலுமினியப் பூச்சு அழியும். அதை மாற்றுவதுதான் முறை.

மங்கலைக் கண்டதும் முழு விளக்கையும் மாற்றச் சொல்லும் பட்டறைக்காரரும் தவறு செய்கிறார்; விரிசலையும் மெருகேற்றி ஓட்டிவிடலாம் என்று எண்ணும் சொந்தக்காரரும் தவறு செய்கிறார். முன்னதில் பணம்தான் வீண். பின்னதில் பணயமாவது ஓர் உயிர். இருட்டில் சாலையோரம் நடந்து செல்பவரின் கையில் விளக்கு இல்லை. காரோட்டியின் விளக்குத்தான் அவருக்கும் துணை. ஒரு குவளைத் தண்ணீரால் அதைச் சோதித்துப் பார்க்கச் சோம்புவது மன்னிக்கத் தக்கதன்று.